இரண்டு டிகிரி சாய்வு

ஒரு மனிதரை வெறுப்பதற்குப் பதினெட்டு வருடம் அதிகம்தான். ஆனால் அளவுக்காரி எந்த வேலையையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாதவள். காலையில் பல் துலக்கும்போது ஒருமுறை, அலுவலகத்தின் நீளமான நடைவழியைக் கடக்கும்போது ஒருமுறை, மாலையில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒருமுறை என்று மருந்து மாதிரி மூன்று வேளையும் இயக்குநரை மனதுக்குள் சபித்து வந்தாள். விடுமுறை நாள்களில் காலை வேளையோடு சரி. அவளுக்கும் ஓய்வு வேண்டாமா?

அளவுக்காரி என்பது உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். டீ ரொம்பச் சூடு என்றால் எவ்வளவு சூடு என்று கேட்பாள். பஸ் கூட்டம் தாங்கவில்லை என்றால் எத்தனை பேர் நின்றார்கள் என்பாள். இந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி எடை போடும் மேடையில் அவருக்கு வேலை. லாரியை ஏற்றி ஒரு எடை, சரக்கை இறக்கிவிட்டு வந்ததும் ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. மூட்டையைக் கண்ணால் பார்க்காமலே அதன் எடையைச் சொல்லிவிடலாம் என்பது அந்த வயதில் அவளுக்குப் பெரிய மாயமாக இருந்தது. முதல் எடைக்கு டிரைவர் வண்டியில் உட்கார்ந்திருப்பான், இரண்டாவதுக்கு இறங்கிக்கொள்வான், அவன் உடம்பும் சரக்குக் கணக்கில் சேர்ந்துவிடும். அதைப் பிடிப்பதில் அப்பா கில்லாடி. மனிதனை நம்பு, மேடையில் நிற்கும்போது மட்டும் நம்பாதே என்பார்.

வானாய்வுக் கூடத்தில் அவள் சேர்ந்தபோது வயது இருபத்தாறு. தொலைநோக்கி மலைமேல் இருந்தது. அவள் வேலை பார்த்தது நகரத்தில், நான்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கணிப்பு அறை என்று பலகை மாட்டிய இடத்தில். ஆறு மேஜை, ஆறு திரை, ஒரு இரும்பு அலமாரி, காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடும் ஒரு மின்விசிறி. மலைமேல் ராத்திரி எடுத்த ஒளிப்பதிவுகள் காலையில் இங்கே வந்து சேரும். நட்சத்திரத்தின் ஒளியை வண்ணங்களாகப் பிரித்தால் நடுவே மெல்லிய கருங்கோடுகள் தெரியும். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் அந்தக் கோடுகள் ஒரு பக்கம் நகரும், விலகிப் போனால் மறுபக்கம். நகர்வைப் பார்த்து வேகத்தைச் சொல்வதுதான் கணிப்பு அறையின் வேலை.

நட்சத்திரம் ஏன் வந்து வந்து போகிறது? பக்கத்தில் ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டு அதைப் பிடித்து இழுக்கிறது. இழுப்பது கண்ணுக்குத் தெரியாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆட்டம் திரும்புகிறது என்பதிலிருந்து அதன் சுற்றுப்பாதை கிடைக்கும். எவ்வளவு வேகமாக ஆட்டுகிறது என்பதிலிருந்து அதன் எடை கிடைக்கும். மூட்டையைப் பார்க்காமல் எடை சொல்கிற அதே சங்கதிதான், என்ன, மேடை மட்டும் கொஞ்சம் தூரத்தில் இருந்தது. அவள் அந்த வேலையைக் கரும்பு தின்னக் கூலியா என்று செய்தாள்.

பட்டியலில் நாற்பத்தேழாவது நட்சத்திரம் அவள் மேஜைக்கு வந்தது. மூன்று வருடம் அதைத் துரத்தினாள். பூமி தன் பங்குக்கு ஓடுகிற ஓட்டத்தைக் கழித்தாள், கருவி சூட்டில் விரிந்த விரிவைக் கழித்தாள், கழித்ததைச் சரிதானா என்று மறுபடி கழித்துப் பார்த்தாள். கடைசியில் புள்ளிகள் எல்லாம் ஒரு வளைகோட்டில் வந்து உட்கார்ந்தன. ஐந்நூற்றுப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு சுற்று. வியாழனைப் போல நான்கு மடங்கு எடை. அந்தக் கூடத்தின் ஐம்பது வருடச் சரித்திரத்தில் வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் ஒன்றை யாரும் கண்டதில்லை. அவள் கண்டாள், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. தாளை எழுதி, நகல் ஒன்றைத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டு, மூலத்தை மூன்றாம் மாடியில் இருந்த துணை இயக்குநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்தத் துணை இயக்குநர்தான் பிறகு இயக்குநர் ஆனவர். கணிப்பு அறையில் அவருக்கு வைத்த பெயர் மேகம். அவர் வந்தால் வேலை நின்றுவிடும், போனால்தான் மறுபடி எதுவும் தெரியும். தாளை வாங்கிப் படித்துவிட்டு, ரொம்ப நன்றி, பார்க்கிறேன் என்றார். நன்றாகவே பார்த்தார். ஐந்து மாதம் கழித்து அந்தக் கிரகம் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்தது, பக்கத்தில் அவர் படம். ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரோடு இன்னும் நான்கு பேர் பெயர். அதில் இரண்டு பேருக்கு நாற்பத்தேழு என்றால் பஸ் நம்பர் என்றுதான் தெரியும். அவள் பெயர் இல்லை. கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: கணிப்பு அறை ஊழியர்களுக்கு நன்றி.

படியேறிப் போய்க் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. சார், இதை நான்தானே அளந்தேன் என்றாள், அவ்வளவுதான்.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மிகுந்த அன்போடு சொன்னார்: "அளக்கிறது உங்க வேலைம்மா. கண்டுபிடிக்கிறது எங்க வேலை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அந்த அன்பைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. திட்டியிருந்தால் ஒரு வருடத்தில் ஆறியிருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் ஒருவன் உன் மூன்று வருடத்தை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், அதற்கு எந்த மருந்தும் கிடையாது. அன்று கீழே இறங்கி வந்து மேஜையில் உட்கார்ந்தவள், நாற்பத்தெட்டாவது நட்சத்திரத்தை எடுத்தாள்.

மேகம் வளர்ந்தது. விருது வாங்கினார், இயக்குநர் ஆனார். முதல் மாடி நடைவழியில் அந்தக் கிரகத்தை ஓர் ஓவியரைக் கொண்டு சுவர் அளவுக்கு வரையவைத்தார். ஆரஞ்சு நிறம், வெள்ளைப் பட்டை, ஓரத்தில் நான்கு நிலா. நிலா யார் கண்டது? யாரும் காணவில்லை, ஓவியருக்கு அந்த மூலையில் இடம் மிஞ்சியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அதன் முன்னால்தான் நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். கீழ்த்தளத்தில் கழிவறை இல்லை, அவளும் தினம் அதைக் கடந்துதான் கழிவறைக்குப் போகவேண்டும். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அவர் அந்தக் கிரகத்தை மந்திரிகளுக்கும் விருந்தாளிகளுக்கும் பரிமாறிக்கொண்டிருந்தார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. அவரிடமிருந்து எந்த அறிக்கை வந்தாலும் தப்புகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, நகல் எடுத்து, எல்லோருக்கும் அனுப்பினாள். அவசரம் என்று அவர் எழுதியனுப்புவதை அவசரமில்லாதவற்றின் அடியில் வைத்தாள். அவர் பேசும் கூட்டங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்து, கடைசி வரை கண் இமைக்காமல் பார்த்தாள். இதெல்லாம் கொசுக்கடி என்று அவளுக்கே தெரியும். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், அந்த மனிதர் தினமும் ஏறி இறங்குவது தான் பழுதுபார்க்கும் லிஃப்டில் இல்லையே என்று அடிக்கடி வருத்தப்படுவார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

பதினெட்டாவது வருடம் வழி பிறந்தது. வெளிநாட்டுச் செயற்கைக்கோள் ஒன்று நட்சத்திரங்கள் வானத்தில் இருக்கும் இடத்தைப் பல வருடமாக மிக நுட்பமாகக் குறித்துவந்தது. அந்த அட்டவணைகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அவள் முதலில் தேடியது நாற்பத்தேழை.

அதற்குக் காரணம் இருந்தது. கோடுகளின் நகர்வு நட்சத்திரம் நம்மை நோக்கி வருவதையும் விலகுவதையும் மட்டும்தான் காட்டும். குடை ராட்டினத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதில் உட்கார்ந்திருப்பவர் நம் பக்கம் வருவதும் போவதும் நன்றாகத் தெரியும். மாடியில் ஏறி நேர் மேலிருந்து பார்த்தால், அவர் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் நம்மிடம் வருவதுமில்லை, விலகுவதுமில்லை. நாம் எந்தச் சாய்வில் நின்று பார்க்கிறோம் என்று தெரியாதவரை எடைக்கு ஓர் அடிவரம்புதான் சொல்லலாம், இவ்வளவுக்குக் குறையாது என்று. உண்மை எடை அதற்கு மேல் எவ்வளவாகவும் இருக்கலாம். செயற்கைக்கோளோ நட்சத்திரம் பக்கவாட்டில் அசைவதை அளந்திருந்தது. இரண்டையும் சேர்த்தால் சாய்வு தெரிந்துவிடும்.

மூன்று வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும், ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் கணினி எலியுமாகக் கணக்குப் போட்டாள். மலைமேலிருக்கும் தொலைநோக்கி காணாத அந்தப் பக்க அசைவு பெரிதாக இருந்தது, நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக. சாய்வு இரண்டு டிகிரி. கிட்டத்தட்ட நேர் மேலிருந்து பார்க்கிறோம். ஆயிரத்து ஐந்நூறில் ஒன்று அப்படி வாய்க்கும். அந்தச் சாய்வைப் போட்டு எடையைக் கணக்கிட்டால் வந்தது நான்கு இல்லை, நூற்றுப் பத்து. வியாழனைப் போல எண்பது மடங்கைத் தாண்டினால் அது கிரகமே இல்லை, மங்கலாக எரியும் குட்டி நட்சத்திரம்.

மேகத்தின் கிரகம் கிரகமே இல்லை! அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரர் என்னாயிற்று என்று எட்டிப் பார்த்தார்.

அதன் பிறகுதான், பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, அவருடைய கட்டுரையை முழுக்கப் படித்தாள். அதுவரை அவள் படித்தது பெயர்ப் பட்டியலையும் நன்றி வரியையும்தான். நடுவில் இருப்பதைப் படிக்கக் கண் வரவில்லை. இப்போது ருசித்து ருசித்துப் படித்தாள். நான்காம் பக்கத்தில் எழுதியிருந்தது: சுற்றுப்பாதையின் சாய்வு தொண்ணூறு டிகிரி என எங்கள் கணிப்பு அறையில் துல்லியமாக அளக்கப்பட்டது. வேறு ஊர்களிலிருந்து சிலர் எப்படி அளந்தீர்கள் என்று அப்போதே கேட்டிருந்தார்கள். அது எங்கள் அறையின் தனித்திறமை என்று பதில் போனது. பெரிய மனிதர் சொன்னால் யார் திரும்பக் கேட்பார்கள்?

அவளுக்கு வாயில் ருசி மாறியது. கணிப்பு அறையில் சாய்வை யாரும் அளந்ததே கிடையாது. சுற்றுப்பாதையைக் கணக்கிடும் அந்தப் பழைய கணினி நிரல் சாய்வு என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் நகராது, முரட்டு மாடு மாதிரி நிற்கும். அதனால் அறையில் இருந்த ஆறு பேரும் தொண்ணூறு, அதாவது நேர் பக்கவாட்டுப் பார்வை, என்று தட்டிவிட்டுப் போவார்கள். தொண்ணூறு என்றால் தெரியாது என்று அர்த்தம். அது அந்த அறைக்குள் எல்லோருக்கும் தெரியும், அதற்காகவே பக்கத்தில் குறிப்புக் கட்டத்தில் சாய்வு தெரியாது என்று எழுதிவிடுவார்கள். அந்த அறையில் ஒருநாளும் உட்காராத மேகத்துக்கு அது எப்படித் தெரியும்? குறிப்பைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். படிக்காமல் விட்டிருக்கிறார், நன்றாக மாட்டினார் என்று நினைத்து அலமாரியைத் திறந்து தன் பழைய நகலை எடுத்தாள்.

சாய்வு: தொண்ணூறு. குறிப்புக் கட்டத்தில், அவள் கையெழுத்தில், ஒரே ஒரு வார்த்தை இருந்தது. கிரகம்.

மற்ற எல்லாத் தாள்களிலும் சாய்வு தெரியாது என்று எழுதிய கை அந்த ஒரு தாளில் சந்தோஷத்தில் மறந்துவிட்டது. அவர் திருடியதற்குச் சாட்சி என்று பதினெட்டு வருடம் பூட்டி வைத்திருந்த காகிதம் அவளுக்கு எதிரான சாட்சியாக இருந்தது. திருடினது அவர்தான், சந்தேகமில்லை. திருடின சாமானில் ஓட்டை வைத்தது அவள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கடைசி வரை கேட்டுவிட்டு, அந்தத் தாளில் உன் பெயர் இருக்கிறதா என்றார். கணிப்பு அறைத் தாள்களில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை, தேதி மட்டும்தான். அப்போது அங்கே ஆறு பேர் இருந்தார்கள், இப்போது மிச்சம் அவள் ஒருத்திதான். அப்படியானால் கிழித்துப்போடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார் அவர்.

"கிழிச்சுட்டா, அதை அளந்தது நான்னு காட்ட என்கிட்ட ஒண்ணுமே இல்லங்க," என்றாள்.

"வெச்சுக்கிட்டா?"

"அந்தத் தப்பும் என்னதுதான்னு ஆயிடும்."

அவர் ஒரு சட்டையைக் கழுத்துப் பக்கம் பிடித்து உதறினார். "இங்க பாரு, எதிராளிக்குச் சகுனத்தடை ஆகணும்னு மூக்கை அறுத்துக்கிறவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். நீ அறுத்துக்கப்போறது உன் மூக்கா, அந்தக் கிரகமா? அது உன்னோடதுன்னுதானே இத்தனை வருஷமா சண்டை. இப்ப அது இல்லவே இல்லைன்னு நீயே எழுதப்போறியா?"

அவள் இரண்டு வாரம் அதையே யோசித்தாள். இயக்குநருக்குப் பணி ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. புதிதாகக் கட்டிய சொற்பொழிவு அரங்குக்கு அவர் பெயர் வைப்பதாக முடிவாகிவிட்டது, பெயர்ப்பலகைக்கு எழுத்துகளின் உயரம் எவ்வளவு என்று அளந்து சொல்லும்படி கணிப்பு அறைக்கே ஒரு குறிப்பு வந்தது. அதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவளிடம் அளவுநாடா இருக்கும் என்று நினைத்து அனுப்பிவிட்டார்கள். நாற்பது சென்டிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் சமையலறையில் அந்தப் பழைய நகலை எட்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். கிரகமும் வேண்டாம், பெயரும் வேண்டாம், அந்த ஆள் விழுந்தால் போதும் என்று அவள் மனது தீர்மானித்துவிட்டது. இது அவ்வளவு உயர்ந்த தீர்மானம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். உயர்வைப் பற்றி அவள் கவலைப்படும் நிலையில் இல்லை.

கட்டுரை எழுதினாள், வாழ்க்கையில் முதல் கட்டுரை. ஐந்து பக்கம், ஒரே ஒரு பெயர். பழைய தொண்ணூறு எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆய்விதழ்க்காரர்கள் மூன்று நிபுணர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். ஒருவர் கேட்ட கேள்விகள் அவளுக்கே பிடித்துப்போயின. நான்கு மாதத்தில் அச்சாகி வந்தது. மறுநாள் காலை முதல் மாடியில் நடைவழி ஓவியத்தின் முன்னால் ஏழெட்டுப் பேர் சாவு வீட்டில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார்கள். அவள் அவர்களைத் தாண்டிக் கழிவறைக்குப் போய், முகம் கழுவிவிட்டு, சாவகாசமாகத் திரும்பி வந்தாள்.

ஆட்சிக் குழு உடனே கூடியது. அரங்குக்குப் பெயர் வைக்க ஒன்பது நாள்தான் இருந்தது. காலை பதினொரு மணிக்கு நான்காம் மாடிக் கூட்ட அறையில் நீளமேஜையைச் சுற்றிப் பதினான்கு பேர். குழுத் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. வானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, மனிதர்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். மூலையில் பதிவு எழுத்தர் நடவடிக்கைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அளவுக்காரியை வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

புதுக் கணக்கை வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் சரிபார்த்திருந்தார். தப்பே இல்லை என்றார். தலைவி இயக்குநர் பக்கம் திரும்பி, தொண்ணூறு டிகிரி என்று துல்லியமாக அளந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டார்.

அவர் எதிர்த்து வாதாடுவார், குழம்புவார், பழைய கருவியின் மேல் பழி போடுவார் என்றுதான் அவள் எதிர்பார்த்து வந்திருந்தாள். அவர் இதில் எதையும் செய்யவில்லை. தன் கோப்பைத் திறந்து, பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூலத் தாள். அதை அவர் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. திருடினவனுக்குத்தான் பொருளின் அருமை தெரியும் போலிருக்கிறது.

"இந்தக் கணக்குல என் கை எதுவும் இல்லைங்க," என்றார் அவர், அதே அன்பான குரலில். "வேகம் அளந்தது, சுற்றுப்பாதை போட்டது, எடை போட்டது, இந்தத் தொண்ணூறு, கிரகம்னு எழுதினது, எல்லாமே கணிப்பு அறையில நடந்தது. என்கிட்ட கொண்டுவந்து குடுத்தது இந்த அம்மாதான். அவங்களை நம்பி நான் கையெழுத்துப் போட்டேன். நம்பினதுதான் என் தப்பு."

எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. தலைவி தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இதில் பெயர் ஒன்றும் இல்லையே, இது உங்களுடையதா என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னால் தீர்ந்தது. அப்போது ஆறு பேர் இருந்தோம், யார் எழுதினார்களோ என்று சொன்னால் அவரால் நிரூபிக்க முடியாது. அவள் கணக்குப்படியே எல்லாம் முடியும், அவர் விழுவார், அவள்மேல் ஒரு தூசு படாது. தாளைக் கிழித்ததன் நோக்கமே அதுதான். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னதைவிட அதற்கு முன்னால் சொன்னது அவள் காதில் நின்றுகொண்டிருந்தது. வேகம் அளந்தது, சுற்றுப்பாதை போட்டது, எடை போட்டது. பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை, இதில் பாதியையாவது சொல்லச் சொல்லித்தான் அவள் மூன்றாம் மாடிக்குப் படியேறிப் போனாள். பதினான்கு பேர் முன்னால் அவரே வாயைத் திறந்து சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும். தான் தப்பிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவி மனிதர்.

எழுந்து நின்றாள்.

"என் கையெழுத்துதாங்க. அளந்தது நான். மூணு வருஷம், தனியா. தொண்ணூறு போட்டதும் நான்தான், சாய்வு தெரியாதுன்னு எழுதாம கிரகம்னு எழுதினதும் நான்தான். தப்பு என்னது. சார் சொன்ன எல்லாமே உண்மை, ஒண்ணு விடாம பதிவுல எழுதிக்கச் சொல்லுங்க."

தலைவி தாளை மேஜைமேல் வைத்தார். பிறகு இயக்குநரைப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி வந்து, முழுதாகப் பரவுவதற்குள் பாதியில் நின்றது.

"அளந்ததும் எழுதினதும் இவங்கதான்னா," என்றார் தலைவி மெதுவாக, "கட்டுரையில இவங்க பேரு எங்க? அந்த விருது எதுக்கு வாங்கினீங்க?"

இயக்குநர் தன் கோப்பைப் புரட்டினார். அதில் இந்தக் கேள்விக்கான தாள் இல்லை. தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். யாரும் அவருக்கு உதவி செய்யவில்லை. அவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே இனித்தது. கூடவே, இனி இந்த வேலையில் எவர் அவள் கணக்கைப் பார்த்தாலும் அந்தத் தொண்ணூறையும் நினைப்பார்கள் என்பது கசந்தது. இரண்டையும் சேர்த்தே விழுங்கினாள்.

மதியம் ஒரு மணிக்குக் குழு முடிவெடுத்தது. அரங்குக்குப் பெயர் கிடையாது. பழைய கட்டுரை திரும்பப் பெறப்படும். கவனக்குறைவுக்காக அளவுக்காரிக்கு எழுத்துமூலமான கண்டிப்பு, இனி அவள் தாள்களை இன்னொருவர் சரிபார்த்த பிறகே வெளியே அனுப்பவேண்டும். அந்தக் கடைசி வரியைக் கேட்டபோது மட்டும் அவள் முகம் சுருங்கியது. இயக்குநரைப் பற்றித் தனி விசாரணை. எழுத்தர் எல்லாவற்றையும் எழுதி முடித்து, சம்பந்தப்பட்ட இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றார்.

வாசித்துக் காட்டச் சொன்னாள். எழுத்தர் ஒவ்வொரு வரியாக வாசித்தார். நாற்பத்தேழாம் நட்சத்திரத்தின் வேகத்தை முதன்முதலில் அளந்து, அதன் துணையின் சுற்றுப்பாதையைக் கண்டவர் என்று தொடங்கி அவள் முழுப்பெயர் வந்தது, அப்பா பெயரோடு. அதன் பின்னாலேயே தவறும் அவருடையதே என்று இருந்தது. இயக்குநர் ஒப்புக்கொண்டபடி என்ற சொற்கள் விட்டுப்போயிருந்தன. அதைச் சேர்க்கச் சொன்னாள், சேர்த்தார்கள்.

கையெழுத்திட்டாள். பிறகு பேனாவை மூடாமல், மேஜையைச் சுற்றி நடந்துபோய் இயக்குநரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடினார், அது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. சாப்பாட்டுக்கு எழுந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். வீட்டில் நிதானமாகப் படித்துவிட்டு நாளைக்குப் போடட்டுமா என்று அவர் கேட்டார்.

"படிங்க சார்," என்றாள் அவள். "எவ்வளவு நேரமானாலும் நிக்கிறேன்."

அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவள் அந்த நாற்காலியின் பக்கத்திலிருந்து நகரவில்லை.